செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதை: மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கேள்வி இது: "செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதையை எதற்காகப் போட்டார்கள்? அவ்வளவு முக்கியமான பாதை என்றால் ஏன் எட்டு வருஷம் மூடிக் கிடந்தது? இப்போது போனால் பழைய பாதையில் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?"

இன்றைய மாநில வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பாதை புரியாது. தமிழ்நாட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர், கேரளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர், நடுவில் காடு. இதற்கு ஏன் இத்தனை குகை, இத்தனை பாலம் என்றுதான் தோன்றும். எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள். மேற்கே கொல்லம் என்ற பழைய துறைமுகம், கிழக்கே தாமிரபரணிப் படுகை, அதற்கும் அப்பால் தூத்துக்குடி என்ற இன்னொரு துறைமுகம். கடலிலிருந்து கடலுக்கு மலையைக் கடந்து போகிற ஒரு பாதையின் நடுத்துண்டுதான், செங்கோட்டையிலிருந்து மலைக்கு மேற்கே இருக்கும் புனலூர் வரையிலான பகுதி. இரண்டு பக்கமும் இணைப்பு இருந்தபோதெல்லாம் இந்தப் பாதை செழித்தது. ஏதாவது ஒரு பக்கம் அறுந்தபோதெல்லாம் வாடியது. அதன் நூற்றிருபது வருஷக் கதையும் இதுதான் என்பது என் கருத்து.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே சுவர் மாதிரி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே அந்தச் சுவர் தாழ்ந்து வழிவிடும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமானது செங்கோட்டைக்கு மேற்கே இருக்கும் ஆரியங்காவுக் கணவாய். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று இந்தத் திறப்பு வழியாகத்தான் பீறிட்டுக்கொண்டு கிழக்கே வருகிறது. குற்றாலத்துச் சாரலும், தென்காசி வட்டாரத்தில் ஆடி மாதத்தில் ஆளைத் தள்ளும் காற்றும், அந்தக் காற்றை நம்பி நட்டு வைத்திருக்கும் காற்றாலைகளும் எல்லாம் இந்தக் கணவாய் தந்தவை. காற்று வந்த வழியில்தான் மனிதர்களும் வந்தார்கள். ரயிலுக்கு முன்பே பொதிமாடும் வண்டியும் போன தடம் அது. ஆக, ரயில் பாதைக்கு இடம் தேடியவர்களுக்கு வேறு யோசனையே தேவைப்படவில்லை.

சரி, திருவாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் ஏன் கடற்கரையை ஒட்டி வராமல் மலையைக் குடைந்துகொண்டு கிழக்கிலிருந்து வந்தது? இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கடற்கரை நெடுகக் காயல்களும் கால்வாய்களும் இருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம், அங்கிருந்து ஆலப்புழை என்று வள்ளத்திலேயே சரக்கும் ஆளும் போய் வந்தார்கள். நீர்வழி இருக்கும் இடத்தில் ரயிலுக்கு அவசரமில்லை. அவசரம் இருந்தது மலைக்குக் குறுக்கேதான். இரண்டு, கிழக்கே ரயில் ஏற்கனவே வந்து நின்றிருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இருக்கும் குறுகிய பாதை) 1876-லேயே தூத்துக்குடியையும், மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலியையும் தொட்டுவிட்டது. திருநெல்வேலியிலிருந்து மேற்கே நீட்டினால் கொல்லம். வேறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தூரம் அதிகம்.

கொல்லத்து வியாபாரிகளுக்கு நெல்லும் பருத்தியும் மிளகாயும் கிழக்கிலிருந்து வேண்டும். கிழக்கே இருப்பவர்களுக்குத் தேங்காய், மரம், மலைச்சரக்கு வேண்டும். மலைச்சரிவுகளில் அப்போது தேயிலைத் தோட்டங்கள் வந்துகொண்டிருந்தன. தோட்டக்காரர்களுக்குத் துறைமுகம் வேண்டும். ஸ்ரீமூலம் திருநாள் ராம வர்மா திருவாங்கூரை ஆண்ட காலம் அது. சமஸ்தானம், சென்னை மாகாண அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து பொறுப்பேற்றுத்தான் பாதை போடப்பட்டது. சமஸ்தானம் தன் எல்லைக்குள் வரும் பாதைக்குத் தானே பணம் போட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட பாதை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

வேலை கிழக்கிலிருந்து துண்டு துண்டாக நடந்தது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-ல் திறந்தார்கள். அடுத்த வருஷம் செங்கோட்டை வந்தது. அதுவரை சமதரை, பெரிய சிரமம் இல்லை. மேற்கு முனையிலும் தனியாக வேலை நடந்தது. கொல்லம் – புனலூர் பகுதியில் 1904 ஜூன் 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. நடுவில் மலை மட்டும் பாக்கி. மலைப் பகுதி முடியாததால் கொல்லத்துக்கு இன்ஜினைத் தரைவழியாகக் கொண்டுவர வழியில்லை. பாகம் பாகமாகக் கழற்றித் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றி, கொல்லத்தில் இறக்கி, மாட்டு வண்டிகளில் வைத்து ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து பூட்டினார்கள் என்று கொல்லத்தில் இன்றும் சொல்வார்கள். கடைசியில் 1904 நவம்பர் 26 அன்று புனலூர் – செங்கோட்டை மலைப் பாதையும் முறைப்படி திறக்கப்பட்டு, திருநெல்வேலியும் கொல்லமும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்தன.

மலைப் பகுதி புனலூரிலிருந்து செங்கோட்டை வரை சுமார் 49 கிலோமீட்டர்தான். கொல்லம் – செங்கோட்டை மொத்தமே 94 கிலோமீட்டருக்குள். ஆனால் உழைப்பெல்லாம் இந்தப் பாதித் தூரத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்த குகை. அதைத் தாண்டி மேற்குச் சரிவில் சின்னச் சின்னக் குகைகள். ஓடைகளையும் பள்ளங்களையும் தாண்டக் கல்லால் கட்டிய வளைவுப் பாலங்கள். அதில் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு குன்றுகளை இணைக்கும் அந்தப் பாலத்துக்கு ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை. கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்துக் கட்டியது. நூறு வருஷத்துக்கு மேல் மலைமழையில் நனைந்தும் நின்றதை வைத்தே கட்டியவர்களின் கைத்திறனைப் புரிந்துகொள்ளலாம். வேலை செய்தவர்களின் பெயர் எதுவும் அந்தக் கற்களில் இல்லை. மழையிலும் காய்ச்சலிலும் அந்தக் காட்டில் கிடந்து கல் உடைத்தவர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதிவைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

அப்போது செங்கோட்டை திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். மலைக்குக் கிழக்கே, முழுக்கத் தமிழ் பேசும் ஊர்தான். ஆனால் வரி கட்டியது திருவனந்தபுரத்துக்கு. அங்கே படித்தவர்கள் வேலைக்கு மலையைத் தாண்டித்தான் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் வாஞ்சிநாதன். செங்கோட்டையில் பிறந்தவர், புனலூரில் திருவாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில், கொடைக்கானலுக்குப் போவதற்காக ரயில் மாறக் காத்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அவர் சுட்டுக் கொன்றதும், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சொந்த ஊர், வேலை பார்த்த ஊர், உயிர் விட்ட இடம் மூன்றுமே ஒரே ரயில் தொடரில் இருக்கின்றன. புனலூர், செங்கோட்டை, திருநெல்வேலி, மணியாச்சி. அந்தப் பாதை திறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. மலைக்கு இருபுறமும் இருந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் அந்தப் பாதையைத் தங்கள் வாழ்க்கைக்குள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. மணியாச்சிக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்றே பெயர்.

1918-ல் கொல்லத்திலிருந்து பாதை திருவனந்தபுரம் வரை நீண்டது. 1931-ல் தம்பானூரில் இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் இடத்துக்கு வந்தது. இடையில் 1927-ல் இன்னொரு முக்கியமான இணைப்பு: விருதுநகர் – தென்காசி பாதை. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாக வரும் இந்தப் பாதையால், சென்னையிலிருந்து வருபவர்கள் மணியாச்சி, திருநெல்வேலி என்று சுற்ற வேண்டியதில்லாமல் போனது. எழும்பூரிலிருந்து மதுரை, விருதுநகர், தென்காசி, செங்கோட்டை வழியாகத் திருவாங்கூருக்கு மெயில் ஓடிய காலம் தொடங்கியது.

அந்தக் காலத்தில் இந்தப் பாதைக்கு இருந்த கனத்தை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கடினம். திருவனந்தபுரத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே ரயில் தொடர்பு செங்கோட்டை வழிதான். கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே அப்போது பாதையே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலிலேயே போக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், மலையேறிச் செங்கோட்டைக்கு வந்து, விருதுநகர், மதுரை, திண்டுக்கல் போய், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக் கணவாயில் மறுபடி மலையைத் தாண்டி, ஷொறணூர் வழியாகக் கீழே இறங்க வேண்டும். பொள்ளாச்சி – பாலக்காடு பாதை 1932-ல் வந்த பிறகு சாத்தியமான வழி இது. அதற்கு முன்னால் இன்னும் பெரிய சுற்று. இந்த நிலைமை 1950-களின் கடைசி வரை நீடித்தது.

வாட்டம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 1956 என்று பலரும் சொல்வார்கள். அந்த வருஷம் நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவும் அதற்கு மேற்கே உள்ளதும் கேரளத்தில் நின்றன. குகைக்கு இந்த வாயில் ஒரு மாநிலம், அந்த வாயில் இன்னொரு மாநிலம். ஆனால் எல்லைக்கோடு மட்டும் ரயிலை நிறுத்திவிடவில்லை. கேரளத்துக்குள் இருக்கும் ஸ்டேஷன்கள் உட்பட இந்தப் பாதையின் பெரும்பகுதி இன்றைக்கும் மதுரைக் கோட்டத்தின் கீழேதான் இருக்கிறது. உண்மையான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 1958-ல் எர்ணாகுளம் – கோட்டயம் – கொல்லம் மீட்டர் கேஜ் பாதை முழுமையானது. கேரளத்துக்குள்ளேயே தெற்கு வடக்காகப் போக வழி கிடைத்தது. 1976-ல் அந்தப் பாதையும் கொல்லம் – திருவனந்தபுரமும் அகலப் பாதையாயின. அப்புறம் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கும் திருநெல்வேலிக்கும் 1979 – 81 வாக்கில் அகலப் பாதை வந்துவிட்டது.

இதன் பலன் என்ன? செங்கோட்டையிலிருந்து வரும் மீட்டர் கேஜ் ரயில் கொல்லத்தோடு நின்றது. கொல்லத்தில் அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் அகலப் பாதை ரயில் நிற்கும். இந்தப் பக்கத்தில் மீட்டர் கேஜ். பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாற வேண்டும். சரக்கு மூட்டைகளையும் வேகன் மாற்ற வேண்டும். இப்படி இறக்கி ஏற்றும் செலவைப் பார்த்த வியாபாரி லாரிக்குப் போய்விட்டார். கணவாய்ச் சாலையில் லாரிகள் பெருகப் பெருக, ரயிலில் பயணிகளும் குற்றாலச் சீசன் கூட்டமும் ஐயப்ப பக்தர்களும்தான் மிஞ்சினார்கள். கொல்லம் மெயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கடலுக்குக் கடல் போகும் பாதை என்ற தகுதி அப்போதே போய்விட்டது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே ஆயிரம் மில்லிமீட்டர். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். நாடு முழுக்க ஒரே அகலம் என்ற கொள்கையின்படி தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார்கள். கொல்லம் – திருநெல்வேலி – திருச்செந்தூர், தென்காசி – விருதுநகர் எல்லாம் சேர்த்து ஒரே திட்டமாக 1990-களின் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. விருதுநகர் – தென்காசி – செங்கோட்டை 2004-ல் அகலமானது. மேற்கே கொல்லம் – புனலூரை 2007-ல் மூடி 2010 மே மாதம் அகலப் பாதையாகத் திறந்தார்கள். திருநெல்வேலி – தென்காசி 2012-ல் முடிந்தது. இப்படி மலைக்கு இருபுறமும் அகலமாகிவிட, நடுவில் இருந்த புனலூர் – செங்கோட்டை மட்டும் 2010 செப்டம்பரில் மூடப்பட்டு, 2018 வரை திறக்கவில்லை.

எட்டு வருஷம் என்பது அதிகம்தான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. நிதி ஒதுக்கீடு வருஷத்துக்கு வருஷம் சொட்டுச் சொட்டாக வந்தது ஒரு காரணம். ஆனால் வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். சமதரையில் பாதையை அகலப்படுத்துவது என்றால் மண் கொட்டி, கட்டை மாற்றி, புதுத் தண்டவாளம் போட்டுவிடலாம். மலையில் ஒவ்வொரு குகையும் மீட்டர் கேஜ் பெட்டியின் அளவுக்கு வெட்டியது. அகலப் பாதைப் பெட்டி உயரமும் அதிகம், அகலமும் அதிகம். குகையின் உட்சுவரையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கும்போது மேலே இருக்கும் பாறை சரியாமல் தாங்கவும் வேண்டும். வளைவுகளை நேராக்க நினைத்தால் மலையை இன்னும் வெட்ட வேண்டும். சுற்றிலும் வனத்துறைக் காடு. பழைய பாலங்களோ இலேசான பெட்டிகளுக்காகக் கட்டியவை. எல்லாவற்றையும்விட மழை. மேற்குச் சரிவில் ஜூன் தொடங்கினால் வேலை செய்யும் நாட்கள் குறைந்துவிடும். கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் அடிக்கும் இடத்தில் வருஷத்துக்கு எத்தனை மாதம் மண் வேலை செய்துவிட முடியும்?

இந்த எட்டு வருஷத்தில் கஷ்டப்பட்டவர்கள் தொலைதூரப் பயணிகள் அல்ல. அவர்களுக்குப் பேருந்து இருந்தது, நாகர்கோவில் வழி ரயில் இருந்தது. கழுதுருட்டி, இடப்பாளையம், ஒற்றக்கல் மாதிரி ஊர்களில் இருந்தவர்கள்தான் அடிபட்டார்கள். தோட்ட வேலைக்குத் தலைமுறைகளுக்கு முன்னால் கிழக்கிலிருந்து போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. தென்காசிச் சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் சின்னத் தொகைக்கு டிக்கெட் எடுத்து வந்துபோனவர்கள் அவர்கள். ரயில் நின்றதும் அந்தப் போக்குவரத்து அப்படியே ஒடுங்கிவிட்டது. பாதை மூடுவதால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இதை ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2018 மார்ச் கடைசியில் தாம்பரத்திலிருந்து கொல்லத்துக்குச் சிறப்பு ரயில் மலையைக் கடந்தது. ஜூன் 9 அன்று புனலூரில் முறையான திறப்பு விழா நடந்தது. பதிமூன்று கண் பாலத்தை இடிக்காமல், வலுப்படுத்தி அப்படியே வைத்துக்கொண்டார்கள். அது மிக நல்ல முடிவு. புதிதாகக் கான்கிரீட் பாலம் கட்டியிருந்தால் வேலை சுலபமாகக்கூட முடிந்திருக்கும். ஆனால் ஒரு காலத்தின் கைவேலை போயிருக்கும்.

மலையில் ரயில் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் இன்னும் பிடிக்கும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ரயிலுக்கு முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். பின்னால் இருப்பதைப் பேங்கர் என்பார்கள். ஏறும்போது அது தள்ளுகிறது. முன் இன்ஜின் மட்டும் இழுத்தால் மொத்த எடையும் பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளில் விழும். பின்னாலிருந்து தள்ளும்போது அந்த இழுவிசை பாதியாகிறது. இறங்கும்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில்தான். பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. முதலில் 14 என்று வைத்து, சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு 18 ஆக்கினார்கள். இப்போது மலைப் பகுதியிலும் மின்கம்பி இழுத்துவிட்டார்கள்.

பாதையைக் கிழக்கிலிருந்து பார்த்துக்கொண்டே போவோம். தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர். இடது பக்கம் குற்றால மலை கூடவே வரும். செங்கோட்டையில் பேங்கர் மாட்டுவதற்காக ரயில் கொஞ்சம் நேரம் நிற்கும். டீ குடிக்க நல்ல இடைவெளி. அங்கிருந்து பகவதிபுரம் வரை புளியரைப் பக்கத்து வயல்கள். நாற்று நட்ட சமயத்தில் போனால் மலையடிவாரம் வரை ஒரே பச்சை. பகவதிபுரம்தான் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து ஏற்றம் தெளிவாகத் தெரியும். பின் இன்ஜினின் உறுமல் கடைசிப் பெட்டிகளில் அதிரும். பிறகு பெரிய குகை. வெளிச்சம் அணைந்ததும் பெட்டிக்குள் பிள்ளைகள் கூவுவார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையில் ஈரக்காற்று மோதும். குகைக்கு மேலேதான் மாநில எல்லை. ஆகஸ்ட் மாதமாக இருந்தால் கிழக்கு வாயில் வெயிலடிக்கும்போது மேற்கு வாயில் மழை கொட்டும். ஒரு கிலோமீட்டரில் பருவமே மாறுவதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் ரயில் பாதை தெற்கே வேறு கிடையாது.

வெளியே வந்ததும் ஆரியங்காவு. ஐயப்பன் கோவில் சாலையிலிருந்து படியிறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. இங்கே மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக மதுரை சௌராஷ்டிர மக்கள் வருவது மரபு. மலைக்கு இருபுறமும் உள்ள உறவுக்கு ரயிலைவிடப் பழைய சாட்சி அது. பாலருவியும் பக்கத்தில்தான். அப்புறம் நியூ ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி. பாதை மலையிடுக்கில் நெளிந்து நெளிந்து இறங்கும். கீழே ஆறு, அதை ஒட்டிச் சாலை, எதிர்ச்சரிவில் ரப்பர் மரங்கள். தென்மலை அணைக்கட்டு ஊர். ஒற்றக்கல், எடமண் தாண்டினால் புனலூர். 1877-ல் கல்லடையாற்றின் மேல் கட்டிய தொங்குபாலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மலை இங்கே முடிந்துவிடும். ஆவணீஸ்வரம், கொட்டாரக்கரை, குண்டறை, கிளிகொல்லூர், கொல்லம் எல்லாம் தென்னையும் வீடுகளும் நெருக்கியடித்த சமவெளி.

இந்தப் பாதையில் மனிதர்கள் இன்னும் எவ்வளவு அக்கறையோடு இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2024 பிப்ரவரியில் ஒருநாள் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், புளியரைப் பக்கம் மலைச்சாலையின் எஸ் வளைவில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி நிலைதடுமாறிக் கீழே தண்டவாளத்தில் விழுந்தது. பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு எழுந்து, டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடிப்போய், வந்துகொண்டிருந்த ரயிலுக்கு வெளிச்சம் காட்டி நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களைப் பாராட்டி ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். சாலையும் தண்டவாளமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் அந்த இடத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இருட்டில் அவர்கள் ஓடியது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். சாலையோரத் தடுப்பை அங்கே இன்னும் பலமாக்க வேண்டும். இது தள்ளிப்போடும் வேலை இல்லை.

இப்போது ஓடும் ரயில்களைப் பார்த்தால் பழைய கடல் – கடல் இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. சென்னை எழும்பூர் – கொல்லம் ரயில் மறுபடி ஓடுகிறது. பாலக்காட்டிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியோடு நின்றுகொண்டிருந்ததை 2024-ல் தூத்துக்குடி வரை நீட்டினார்கள். எர்ணாகுளம் – வேளாங்கண்ணி ரயிலும் இந்த வழியில்தான் போகிறது. மதுரை – குருவாயூர் ரயில் 2023-லிருந்து இந்த மலையைக் கடக்கிறது. எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: உள்ளூர்க்காரர்களுக்கு உதவும் பகல் நேர ரயில்கள் போதவில்லை. பாலருவி இரு திசையிலும் இராத்திரியில் மலை ஏறுகிறது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நிற்கும் கூடுதல் பயணிகள் ரயில் விட்டால், எட்டு வருஷத்தில் ரயிலை மறந்துபோன ஊர்கள் திரும்ப அதை நம்பத் தொடங்கும்.

நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மதுரை – குருவாயூர் ரயிலில் போங்கள். மலைப் பகுதி பகல் வெளிச்சத்தில் கிடைக்கும். நேரத்தை மட்டும் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். ஒரு விஷயம்: பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது கண்கள் உங்களுக்குத் தெரியாது; காலுக்குக் கீழே இருக்கும். அதனால் ரயிலில் புனலூர் வரை போய் இறங்கி, திரும்பும்போது செங்கோட்டை பஸ்ஸில் ஏறிக் கழுதுருட்டியில் இறங்கிக்கொள்ளுங்கள். பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. கல் வரிசையையும் வளைவுகளையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அடுத்த ரயில் எப்போது என்று பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள்; இருந்து பார்த்துவிட்டே கிளம்பலாம்.